மரத்தின் மேல் வாழும் வாண்டா

கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் திருமண மண்டப வாயில்களில் ஊதா நிற ஆர்க்கிட் மலர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை தோட்டங்களில் வளர்க்கப்பட்டு விற்பனைக்கு வருபவை. நமது சோழமண்டலக் கடற்கரைக் காடுகளில் இயற்கையாகவே வளரும் ஆர்க்கிட் ஒன்றும் உண்டு. அதன் பெயர் வாண்டா டெசெலேட்டா.

இதன் விதைகள் தூசியைப் போல நுண்ணியவை. காற்றில் நெடுந்தூரம் பறக்கக் கூடியவை. அப்படியானால் நம் தெரு மரங்களில் அது ஏன் வளர்ந்து பூப்பதில்லை? இதற்கு விடை காண, அச்செடி வாழும் முறையை அறிந்துகொள்ள வேண்டும்.

பெயர் வந்த வகை

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலார், 1795-இல் வெளிவந்த சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இச்செடியைப் படத்துடன் விவரித்தார். டெசெலேட்டா என்றால் 'கட்டம் கட்டமாக அமைந்தது' என்று பொருள். மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் வலை போன்ற கோடுகள் ஓடும். நடுவிலுள்ள உதடு போன்ற இதழ் நீலம் கலந்த ஊதா நிறமாக இருக்கும். மலருக்கு நல்ல மணமும் உண்டு.

ஒட்டுண்ணியா?

மரக்கிளையில் வளர்வதால் இதனைப் புல்லுருவி என்று எண்ணிச் சிலர் வெட்டி எறிந்துவிடுவர். புல்லுருவி தன் உறிஞ்சு வேர்களை மரத்தினுள் செலுத்தி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. வாண்டாவோ பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்க மட்டுமே மரத்தைப் பயன்படுத்துகிறது. இத்தகைய செடிகளைத் தொற்றுத் தாவரங்கள் என்கிறோம். தனக்கு வேண்டிய உணவைப் பச்சை இலைகளில் தானே தயாரித்துக்கொள்கிறது.

நீருக்கு என்ன செய்கிறது? தொங்கும் தடித்த வேர்களை வெலாமன் என்னும் வெண்மையான திசு போர்த்தியிருக்கிறது. இது உயிரற்ற செல்களால் ஆன பஞ்சு போன்ற உறை. மழைநீரை விரைவில் உறிஞ்சிச் சேமித்துக் கொடுக்கிறது. நனைந்தவுடன் உறை ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும்.

விதைக்குத் துணை

நெல்லிலும் அவரையிலும் முளைக்கும் கருவுக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அந்தச் சேமிப்பு இல்லை. விதைகள் முளைக்க ஒருவகைப் பூஞ்சையின் உதவி வேண்டும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் நோயல் பெர்னார் 1899-இல் கண்டறிந்தார். பூஞ்சையின் இழைகள் விதைக்குள் புகுந்து, முளைக்கும் கருவுக்கு உணவளிக்கின்றன. சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சை இல்லாமலே இவ்விதைகளை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை தரலாம். காட்டில் பூஞ்சைதான் தர வேண்டும்.

செடி வளர்ந்து பூத்தாலும் வேலை முடிவதில்லை. இதன் மகரந்தம் பொடியாக உதிராமல் சிறு கட்டிகளாக இருக்கிறது. பூச்சி ஒன்று அக்கட்டியைத் தன் உடலில் ஒட்டிக்கொண்டு வேறொரு பூவுக்குக் கொண்டு சேர்த்தால்தான் காய் உண்டாகும்.

கேள்விக்கு விடை

ஆகவே காற்று ஒரு விதையை நம் தெருவில் கொண்டுவந்து போட்டால் மட்டும் போதாது. வேர் பற்றுவதற்குச் சொரசொரப்பான பட்டையுடைய மரம், பட்டையில் தகுந்த பூஞ்சை, காற்றில் ஈரம், மகரந்தம் சுமக்கும் பூச்சி ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும். அடிக்கடி கிளை வெட்டப்படும் இளம் சாலை மரங்களில் இவை ஒன்றுசேர்வது அரிது.

காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தால் ஒரு செடி பிழைக்கலாம். அதன் சந்ததி பெருகுவது கடினம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் கீழ் உள்ளது. ஆனால் முதிர்ந்த மரங்கள் வெட்டப்பட்டால் வணிகத் தடை மட்டும் இச்செடியைக் காப்பாற்றாது. மரம், பூஞ்சை, பூச்சி எல்லாம் சேர்ந்த காடே அதன் வீடு.

செய்து பாருங்கள்

உலர்ந்த சாக்கட்டி ஒன்றின் நுனியை மைகலந்த நீரில் வையுங்கள். நீர் எவ்வளவு விரைவில் மேலேறுகிறது என்று கவனியுங்கள். சாக்கட்டியிலுள்ள நுண்துளைகள் செய்யும் இவ்வேலையைத்தான் வாண்டாவின் வேரில் வெலாமன் செய்கிறது.