பெரம்பலூரில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரைப் படத்தில் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: அதன் அண்ணன் நம்மூரில் தயாரானது. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-லிருந்து ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் செய்து விற்றது. அதே ஹெரால்டின் சேஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கேலோட்டி. அப்படியொரு ஹெரால்டை வாங்கி, பெரம்பலூரிலேயே வைத்துச் சீர்செய்து, அரியலூர்ச் சாலையில் ஓட்டிவருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை, இனி வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சிற்றூரில் இருந்துகொண்டு இந்த வண்டியைச் சீர்செய்ய முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. ஹெரால்டை வடிவமைத்த காலத்தில், அதைச் செய்த இங்கிலாந்து நிறுவனமான ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்குக் கார்க்கூடு அடித்துத் தந்த நிறுவனம் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. ஒரே கூடாகக் கார் செய்ய வழியில்லாமல், தனிச் சேஸ் போட்டு, தகடுகளைப் பல இடங்களில் அடித்து வாங்கி போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைய நெருக்கடி இன்று நமக்கு வரமாகிவிட்டது. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும்; எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரம் எல்லாம் நின்றபடியே கைக்கு எட்டும். டிங்கரிங் தெரிந்த ஒருவரும் நல்ல லேத் பட்டறையும் இருந்தால் பெரும்பாலான வேலை உள்ளூரிலேயே முடிந்துவிடும்.

வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கீழே படுத்து, சேஸின் பக்கவாட்டுக் கைகளைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். நான்கு கதவு மாடல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1968-இல் வந்த அந்த மாடல் இந்தியாவுக்காக மட்டுமே செய்தது. அதன் பின்கதவுக்கு இங்கிலாந்தில் மாற்று கிடையாது. கதவு, கண்ணாடி, கைப்பிடி எதுவும் குறையாத வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 948 சி.சி.யில் எளிமையான எஞ்சின். போர் போட்டு பிஸ்டன் மாற்றுவது எந்தப் பட்டறைக்கும் புதிதல்ல.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு, ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் மரை போல இறங்கித் திரும்பும். “கிங்பின் மாதிரிதானே சார், கிரீஸ் அடிச்சா போதும்” என்றார் என் மெக்கானிக். அம்பாசிடரில் கை பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இங்கே கிரீஸ் கூடாது. 90-ஆம் நம்பர் கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் காய்ந்து அடைத்துக்கொண்டால் மரை தேயும், உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும், ஒருநாள் ஓட்டத்திலேயே தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். வாங்கிய வண்டியில் இதைப் புதிதாக மாற்றிவிட்டே சாலைக்கு எடுங்கள். ஸ்பிட்ஃபயருக்காக இங்கிலாந்தில் இன்றும் இந்தப் பாகத்தைச் செய்து விற்கிறார்கள்; அது ஹெரால்டுக்கும் பொருந்தும்.

பிரேக்கும் அப்படித்தான். ஒரே ஹைட்ராலிக் லைன் என்பதால் எங்காவது ஒரு குழாய் கசிந்தாலும் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். ஆகவே ஹேண்ட் பிரேக் எப்போதும் நன்றாகப் பிடிக்கும் நிலையில் இருக்க வேண்டும். பின்சக்கர அமைப்பு ஸ்விங் ஆக்சில் வகை. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் அடித்தால் வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கப் பழகுங்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் நான் 60-க்கு மேல் போவதில்லை.

இனி நம் மண்ணுக்கே உரிய சங்கதி. அரியலூர் ஒரு காலத்தில் கடல். அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்தான் இத்தனை சிமென்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. அதே சுண்ணாம்பு போர்த் தண்ணீரிலும் இருக்கிறது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காரை கட்டி, சித்திரை வெயிலில் எஞ்சின் கொதிக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பேட்டரித் தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். சிமென்ட் தூசி பனியில் நனைந்து பெயின்ட்டில் படிந்திருந்தால் துணியால் துடைக்கவே வேண்டாம்; கீறிவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றி அலசிய பிறகே கை வையுங்கள். ஏர் ஃபில்டரை லாரிக்காரர்கள் போல அடிக்கடி பாருங்கள்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயஃப்ரமும் அதைத் தாங்காது. எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். வால்வு சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நாட்டில் நின்றுவிட்டது. அதனால் ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் போட்டுவிடுவது நல்லது. பேட்டரி மாட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: அக்கால ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும்.

காசு செலவழிக்கும் முன் காகிதம். ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்களுக்கு எது தேவை என்று முடிவு செய்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள்.

பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் யார் வீட்டுக் கொட்டகையிலாவது ஹெரால்டு கிடந்தால், காயலான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யையும் சேஸ் எண் தகட்டையும் தேடி எடுத்து வையுங்கள். பிரித்து விற்காமல், ஓட்ட ஆசைப்படும் ஒருவரிடம் முழு வண்டியாகக் கொடுங்கள்.