எடையும் எடுத்தலும்

மதுரை மாநகரின் மேற்புறத்தே, வைகையாற்றின் தென்கரையை அடுத்து அமைந்தது ஆரப்பாளையம். தேனி, கோவை முதலிய ஊர்களுக்குப் பேருந்துகள் புறப்படும் நிலையம் இங்கே இருத்தலால், மூட்டையும் முடிச்சுமாக மக்கள் வருவதும் போவதுமாக இவ்விடம் என்றும் இரைச்சலுடன் விளங்கும். ஆயினும் ஆண்டில் ஒரு நாள் அவ்விரைச்சலை விஞ்சிய ஆரவாரம் இங்கே எழும். அதுவே ஆவணித் திங்களில் ஆலவாய் இறைவன் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளும் நாள்.

வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தபோது, வீட்டிற்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் எனப் பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு ஆள் இல்லை. இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, கூடையில் மண் சுமந்தான் என்று திருவிளையாடற் புராணம் கூறும். அக்கூலியாள் பிட்டை உண்டான். சிறிது மண் சுமந்தான். மரநிழலில் உறங்கவும் செய்தான். இக்காலத்து நகர மாந்தருட் பலர் உண்பதையும் உறங்குவதையும் மட்டும் அவனிடமிருந்து கற்றுக்கொண்டு, சுமப்பதைப் பிறர்க்கு விட்டுவிட்டனர்.

தமிழில் எடை என்னும் சொல் எடு என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒரு பொருளைக் கையால் எடுத்துப் பார்த்தே அதன் கனத்தை முன்னோர் அறிந்தனர். தூக்குதல் என்னும் சொல்லுக்கும் உயர்த்துதல், நிறுத்தல் என்னும் இரு பொருளும் உண்டு; சீர்தூக்கிப் பார்த்தல் என நாம் வழங்குவது இதனாலேயே. எடையை அறிதற்கு எடுத்தலே வழியாயிற்று. உடலில் மிகுந்த எடையைக் குறைத்தற்கும் எடுத்தல் வழியாகுமோ? கனத்தைத் தூக்கினால் கனம் குறையும் என்பது முதற்கண் கேட்போர்க்கு விடுகதைபோல் தோன்றும்.

ஆரப்பாளையத்தில் அரிசிக் கடை வைத்திருக்கும் ஐம்பது வயது வணிகர் ஒருவரைக் கருதுக. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 84 கிலோகிராம். காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருப்பார். பசித்தால் வடை வரும். இரவானால் பரோட்டா வரும். 25 கிலோச் சிப்பங்களை இறக்குவதும் அடுக்குவதும் கடைப் பையனின் வேலை. ஒருநாள் மருத்துவர் அவரது குருதியைச் சோதித்து, "ஐயா, சர்க்கரை நோய் உங்கள் வாயிற்படியில் வந்து நிற்கின்றது. உடல் எடையைக் குறைத்தால் அது உள்ளே வாராமல் தடுக்கலாம்" என்கின்றார்.

வணிகர் அஞ்சினார். பலரும் செய்வதையே தாமும் செய்தார். பாதி வயிறு உண்டு, மீதி வயிறு பட்டினி கிடந்தார். மூன்று திங்களில் 8 கிலோ குறைந்தது. கண்டோர் பாராட்டினர். ஆனால் மாடிப்படி ஏறினால் முன்னினும் கால் தளர்ந்தது. பந்தியில் தரையில் அமர்ந்தால், ஒரு கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. ஓராண்டு கழிவதற்குள் பசி வென்றது. குறைந்த 8 கிலோவும் திரும்ப வந்தது. எடைப் பொறி மீண்டும் 84 எனக் காட்டியது. பழைய நிலைக்குத்தானே வந்தோம், இழந்தது ஒன்றுமில்லையே என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

இழந்தது உண்டு. எடைப் பொறி நேர்மையானது; ஆனால் அறிவுடையது அன்று. தன்மேல் நிற்பது கொழுப்பா தசையா என அது பிரித்துரையாது. உணவைக் குறைப்பதனால் மட்டும் எடை குறையும்போது, குறைந்ததில் ஏறத்தாழக் கால்பங்கு தசை முதலிய கொழுப்பல்லாத பொருள்களே என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அவ்வாறாயின் வணிகர் இழந்த 8 கிலோவில் 6 கிலோ கொழுப்பு. எஞ்சிய 2 கிலோ, அவரைத் தாங்கிய தசை முதலியன. திரும்ப வந்தவற்றுட் பெரும்பகுதியோ கொழுப்பு. பொறியில் எண் ஒன்றே. அதனுள் இருந்த மனிதர் முன்னையர் அல்லர்.

தசை போனால் என்ன, அழகுதானே போயிற்று என்று எண்ணுதல் தவறு. நாம் உண்ட உணவு சர்க்கரையாகிக் குருதியிற் கலக்கின்றது. இன்சுலின் என்னும் சுரப்பு, அச்சர்க்கரையின் பெரும்பங்கைத் தசைகளுக்குள் செலுத்துகின்றது. தசையே சர்க்கரையின் களஞ்சியம். களஞ்சியம் சுருங்கினும், வேலையின்றி அடைபட்டுக் கிடப்பினும், வந்த சரக்கு தெருவிலே தேங்கும். சர்க்கரை நோய்க்கு அஞ்சிப் பட்டினி கிடந்த வணிகர், அந்நோயைத் தடுக்கும் காவலனையே பட்டினி போட்டார் என்க. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2023-ஆம் ஆண்டு வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது.

இந்நாட்டவர்க்கு இதில் மற்றுமொரு தொல்லை உண்டு. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பருத்திருத்தல் நம்மிற் பலர்க்கு இயல்பு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பதை மருத்துவர் கண்டு, அளவுகோலையே நமக்காக மாற்றியமைத்தனர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அவ்வெண் பிற நாட்டார்க்கு 25-ஐ எட்டினால் எடை மிகுதி என்பர். நமக்கோ 23-ஐ எட்டினாலே மிகுதிதான். நம் வணிகர்க்கு 84-ஐ, 1.65-இன் வர்க்கமாகிய 2.72-ஆல் வகுக்க, ஏறத்தாழ 31 வருகின்றது. இக்கணக்கினும் எளியது இடுப்பை அளப்பது. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இடுப்புச் சுற்றளவு செல்லலாகாது. எடைப் பொறி சொல்லாததை அளவு நாடா சொல்லும்.

ஆகவே பளுத்தூக்கும் பயிற்சியின் பயன் யாதென நேர்மையாக அறிதல் வேண்டும். தூக்கினால் கொழுப்பு நெய்போல் உருகி ஓடும் என்று விளம்பரம் செய்வோர் உளர். அது மிகை. ஒரு கிலோ தசை, வாளா இருக்கும்போது நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 13 கலோரியையே செலவிடுகின்றது. ஒரு கிலோ கொழுப்பைக் கரைப்பதற்கோ ஏறத்தாழ 7,700 கலோரி செலவாதல் வேண்டும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் உணவின் அளவே. திருவள்ளுவரும் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் ஒரு மருந்தின் பெயரையேனும் கூறாது, உண்ணும் அளவையே பெரிதும் பேசினார். ஆனால் குறையும் எடை எங்கிருந்து குறைய வேண்டும் என்பதை முடிவு செய்வது பயிற்சி. உடல் ஒரு சிக்கனக்காரன். வரவு குறைந்தால் வேலையற்ற ஆட்களை முதலில் நீக்குவான். தசைக்கு நாள்தோறும் வேலை கொடுத்தால், 'இவ்வாள் வேண்டும்' என அதனை நிறுத்திக்கொண்டு, கொழுப்பையே செலவிடுவான்.

இவ்வேலையை நம் முன்னோர் விளையாட்டாகவே செய்தனர். தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில், கோயில் முன்றிலிலோ சாவடியருகிலோ உருண்டு திரண்ட கல் ஒன்று இன்றும் கிடப்பதைக் காணலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். அதனைத் தூக்கவல்ல காளைக்கே பெண் கொடுப்பது என்னும் வழக்கு இருந்தமையால் கல்யாணக்கல் எனவும் வழங்கினர். பிடிப்பதற்குக் காதும் இல்லை, கைப்பிடியும் இல்லை; வழுவழுத்த பரப்பு. இளைஞன் குந்தி அமர்ந்து, இரு கையாலும் கல்லைத் தழுவி, முதலில் முழங்காலுக்கு ஏற்றுவான். பின்பு நெஞ்சோடு அணைப்பான். அங்கிருந்து தோளுக்கு உயர்த்திப் பின்புறமாக எறிவான். பொங்கல் நாளில் இப்போட்டி சில ஊர்களில் இன்றும் நடைபெறுகின்றது. முதல்நாளே பெருங்கல்லைத் தொட்டவர் இலர். சிறிய கல், அதனினும் பெரிய கல் எனப் பழகியே அதன்பால் சென்றனர்.

சிறிது சிறிதாகக் கூட்டுதல் என்னும் இம்முறையே பளுத்தூக்குதலின் உயிர்நிலை. குரோட்டன் நகரத்துக் கிரேக்க மல்லனாகிய மைலோ, ஒரு கன்றைப் பிறந்த நாள் முதல் தினமும் தோளில் சுமந்து வந்தான் என்றும், அது காளையான பின்னும் சுமந்தான் என்றும் பழங்கதை உண்டு. கதையிற் கண்டதை மருத்துவமாக்கியவர் தாமஸ் டெலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுக் கால் மெலிந்த படைவீரர்க்குப் படிப்படியாகப் பளுவைக் கூட்டிப் பயிற்சி அளித்து, அவர்களை விரைந்து தேற்றி, அம்முறையை 1945-இல் வெளியிட்டார்.

இனி, தொடங்குவோன் எங்ஙனம் தொடங்குவது? மார்பு வலி, இரத்தக் கொதிப்பு, குடலிறக்கம் உடையோரும், சர்க்கரைக்கு மருந்து உண்போரும் முதலில் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். பிறர் முதல் இரண்டு வாரம் பளுவையே தொட வேண்டுவதில்லை. நாற்காலியில் அமர்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுதல், சுவரில் கையூன்றித் தண்டால் எடுத்தல் ஆகியவை போதும். அதன்பின் 5 கிலோ அரிசிப் பையோ, பாதி நீர் நிரப்பிய குடமோ போதிய கருவிகளாம். தரையிலிருந்து எடுக்கும்போது முதுகை வளைக்காமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக் குந்தி, பொருளை உடலோடு அணைத்து எழுதல் வேண்டும். உயர்த்தும்போது மூச்சை வெளிவிடுக, அடக்கற்க. எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, இன்னும் இரு முறை செய்யலாம் என்னும் நிலையிலேயே நிறுத்துதல் நன்று. பன்னிரண்டு முறையும் எளிதானால் ஒரு கிலோ கூட்டலாம். வாரத்தில் இரண்டு நாளேனும் இவ்வாறு செய்து, இடையில் ஓய்வு கொள்க. தசை வளர்வது தூக்கும்போது அன்று, ஓய்வின்போதே. மறுநாள் தசையில் தோன்றும் நோவு இயல்பானது. மூட்டில் சுரீரென்ற வலி தோன்றினால் அன்றே நிறுத்துதல் வேண்டும். சோற்றைக் குறைப்பவர் பருப்பையும் சுண்டலையும் மோரையும் முட்டையையும் குறைக்கலாகாது. புரதமின்றித் தசையைக் காத்தல், செங்கல் இன்றிச் சுவரைக் காத்தலை ஒக்கும்.

பள்ளிச் சிறுவர் பளுத் தூக்கினால் வளர்ச்சி குன்றும் என்பர் சிலர். ஆசிரியர் மேற்பார்வையில், அளவான பளுவை, முறையாகத் தூக்குவோர்க்கு அவ்வச்சம் வேண்டா. போட்டிக்காகத் தாங்காத பளுவை இழுப்பதே தீங்கு.

தூக்கினால் உடல் மலைபோல் பருத்துவிடும் என்று அஞ்சுவோர், மகளிருட் பலர் உள்ளனர். மணிப்பூரில் பிறந்து, சிறு வயதில் காட்டிலிருந்து விறகுக் கட்டைச் சுமந்து பழகிய மீராபாய் சானு, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர் போட்டியிட்டது 49 கிலோ எடைப் பிரிவில். அச்சிறிய உடலால் தலைக்கு மேல் உயர்த்தியதோ 115 கிலோ. நம் வேலூரைச் சார்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-இல் கிளாஸ்கோவில் நிகழ்ந்த காமன்வெல்த் போட்டியில், ஒரே வீச்சில் 149 கிலோவும், தோளில் ஏற்றிப் பின் தலைக்கு மேல் உயர்த்தும் முறையில் 179 கிலோவும் தூக்கிப் பொன் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்டில் மீண்டும் வென்றார். இருமுறையும் அவர் நின்றது 77 கிலோ எடைப் பிரிவில். தம் எடையை வரம்புக்குள் நிறுத்தி, அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட பளுவை இவ்விருவரும் எடுத்தனர்.

ஆரப்பாளையத்து வணிகரை மீண்டும் நோக்குக. இம்முறை அவர் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பரோட்டாவை வாரம் ஒரு நாளைக்கு ஒதுக்கினார். கடை திறக்கும் முன், பின்கட்டில் வாரம் மூன்று நாள் ஐந்து கிலோப் பையுடன் குந்தி எழுந்தார். நாலாம் வாரம் பொறியில் ஏறியபோது ஒரு கிலோதான் குறைந்திருந்தது. சலித்துக்கொண்டே அளவு நாடாவை எடுத்தார். இடுப்பு மூன்று சென்டிமீட்டர் சுருங்கியிருந்தது. ஐந்து கிலோ எட்டாயிற்று; எட்டுப் பன்னிரண்டாயிற்று; ஆறு திங்கள் சென்றபோது இருபதாயிற்று. பந்தியில் கையூன்றாமல் எழுந்ததை அவரே ஒருநாள் பாதி வழியில்தான் உணர்ந்தார்.

ஒரு காலையில் சரக்கு வண்டி வந்தது. பையன் ஓடி வந்து, "முதலாளி, நீங்கள் இருங்கள், நான் எடுக்கிறேன்" என்றான். "மற்றவற்றை நீ எடு தம்பி, இதை நான் பார்க்கிறேன்" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். சிப்பத்தை நெஞ்சோடு அணைத்து, மூச்சை வெளிவிட்டு எழுந்து, நாலடி நடந்து, தராசின்மேல் வைத்தார். முள் சிறிது ஆடி இருபத்தைந்தில் நின்றது.