மெதுவாகத் தொடு என்றவர்களுக்கு

"தம்பி, பந்தை மெதுவாகத் தொடு. மட்டையைக் கூரையைப் பார்க்க வை. மிச்சத்தை றப்பர் பார்த்துக்கொள்ளும்." எங்கள் மண்டபத்தில் இதை எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. பயிற்சி தருகிற சேர் சொன்னார், இரட்டையர் ஆட்டத்தில் என்னோடு நிற்கிறவர் சொன்னார், மேசைப்பந்து மட்டையைக் கையால் தொடாத காவலாளிகூடச் சொன்னார். கழகங்களுக்கிடையிலான போட்டியின் அரையிறுதியை எனக்கு இல்லாமல் ஆக்கியது இந்தப் புத்திமதிதான். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் மேசைப்பந்து ஆடுகிற என் வயதுக்காரர் என்றால் நீங்களும் மார்க் ஃபைவில்தான் கை பழகியிருப்பீர்கள். 1969இல் வந்த றப்பர், நல்ல றப்பர். ஆனால் நாங்கள் அதை ஒருமுறை ஒட்டினால் மேல்தோல் கண்ணாடி போல் பளபளக்கும்வரை கழற்றமாட்டோம். தேய்ந்த றப்பரில் ஒரு வசதி உண்டு. எதிராளி எவ்வளவு பெக்ஸ்பின் போட்டு அனுப்பினாலும் பந்து அதில் வழுக்கிவிடும், சுழற்சி றப்பரைப் பிடிக்காது. சும்மா மட்டையை நீட்டினாலும் பந்து வலையைத் தாண்டும். அதை நம்முடைய கைவண்ணம் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தோம்.

புது றப்பர்கள் அப்படியல்ல. 2008இல் வேகப் பசையைத் தடை செய்தார்கள். 2014இல் செலுலொயிட் பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, அதில் சுழற்சி குறைவு. அதனால் கொம்பனிக்காரர்கள் பந்தைப் பிடித்து இழுக்கிற மேல்தோலைத் தேடிப் போனார்கள். எனக்கு வந்ததும் அந்த வகைதான். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். 2022இல் டொலர் இருநூற்றிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன பிறகு இங்கே வாங்க மனம் வரவில்லை, டொரன்டோவிலிருந்து மச்சான் கொண்டுவந்தார். ஒட்டியது, வெட்டியது, ஓரத்துக்கு டேப் சுற்றியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அரையிறுதியில் எதிரே ஒரு பெரியவர். பெக்ஹேண்டில் லோங் பிம்பிள்ஸ், மேசைக்கு ஆறடி பின்னால் நின்று வெட்டி வெட்டி அனுப்புகிறவர். ஐந்தாவது செட், 9-9. அவர் வெட்டிய பந்து என் பக்கம் விழுந்து அப்படியே தயங்கி நின்றது. சொல்லித் தந்தபடி மட்டையைத் திறந்து மெதுவாகத் தொட்டேன். வலையின் அடியில் போய் விழுந்தது. அடுத்த பந்துக்கு இன்னும் திறந்தேன், இன்னும் மெதுவாகத் தொட்டேன். அதுவும் வலைக்குள்தான். பின்வரிசையிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று ஒரு குரல் வேறு.

மெதுவாகத் தொட்டால் ஏன் விழுகிறது? பெக்ஸ்பின் பந்து றப்பரைத் தொடும்போது அதன் முன்பக்கம் மேல்நோக்கிச் சுழல்கிறது. பிடிப்புள்ள றப்பர் அந்தச் சுழற்சியை முழுதாக வாங்கி, பந்தைக் கீழே தள்ளிவிடுகிறது. கை அசையாமல் நின்றால் அந்த நேரம் ஆட்டத்தை நடத்துவது எதிராளியின் சுழற்சிதான். கை அதைவிட வேகமாகப் போனால் மட்டுமே சுழற்சி உங்களுடையது. மட்டையின் கோணம் இரண்டாம் பட்சம். இன்னும் இன்னும் திறந்துகொண்டே போனால் ஒருநாள் பந்து வலையைத் தாண்டும்தான், ஆனால் எதிராளி அடிக்கத் தோதாக நெஞ்சளவு உயரத்தில் தாண்டும்.

புஷ் பண்ணுவதென்றால் காலை உள்ளே வைத்துக் கிட்டப் போங்கள். பெக்ஸ்பின் பந்து உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் போக வேண்டும். துள்ளல் உச்சிக்கு வரும் நேரத்தில் பந்தின் அடிவயிற்றை முழங்கையிலிருந்து முன்னோக்கிச் சுரண்டி, சட்டென்று நிறுத்துங்கள். லூப் என்றால் முழங்காலை மடித்து, மட்டையை மேசைக்குக் கீழே இறக்கி, பந்து உச்சி தாண்டி இறங்கத் தொடங்கும்போது மெல்லிசாக உரசுங்கள். மார்க் ஃபைவில் தூக்கியதைப் போல நெட்டுக்குத்தாகத் தூக்கத் தேவையில்லை, வளைவைப் புது றப்பரே தரும்.

இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிம்பிள்ஸ்காரருக்கு நீங்கள் கொடுக்கிற டொப்ஸ்பின், பந்தின் திசை மட்டும் மாறி, அதே சுழற்சியோடு பெக்ஸ்பின்னாகத் திரும்பி வரும். செட்டியார் தெருவில் அடகு வைத்த கணக்குத்தான், உங்கள் சொத்துக்கு நீங்களே வட்டி கட்ட வேண்டும். றப்பர் எவ்வளவு நல்லதோ அவ்வளவு வட்டி. ஆகவே ஒரு பந்தைப் பலமாக லூப் பண்ணினால் அடுத்ததைப் புஷ் பண்ணுங்கள். அதற்கு அவரிடமிருந்து பெரும்பாலும் சுழற்சியில்லாத வெறும் பந்துதான் வரும், அதை அடிக்கலாம். பிம்பிள்ஸ் கிழவர்களின் தந்திரம் என்று நக்கலடிக்கிற சேருக்கு ஒரு தகவல்: 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டு விழாவில், ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஃபெங் தியன்வேயை மணிகா பத்ரா வீழ்த்தியது பெக்ஹேண்டில் லோங் பிம்பிள்ஸ் வைத்துத்தான்.

பழைய றப்பருக்கே திரும்பச் சொன்னவர்களும் உண்டு. மாட்டேன். தேய்ந்த றப்பரால் லூப் அடிக்க முடியாது, அதனால் நாமும் வாழ்நாள் முழுக்கப் புஷ் பண்ணிக்கொண்டிருப்போம். என் இரட்டையர் தோழர் இப்போதும் அதைத்தான் செய்கிறார்.

கொழும்பில் இருக்கிறவர்கள் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பந்து ஆடும் என்று ஃபேனை நிறுத்திவிடுகிறோம். கடல் பக்கத்துக் காற்றில் றப்பர் வியர்த்துவிடும், அப்போது பிடிப்பு ஒரு பந்துக்கு இருக்கும், மறு பந்துக்கு இருக்காது. ஒவ்வொரு செட்டுக்கு இடையிலும் காய்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்குப் போனதும் ஈரப் பஞ்சால் ஒற்றி, காயவிட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வையுங்கள். காற்சட்டையில் தேய்க்காதீர்கள், வியர்வையும் எண்ணெயும் ஏறிவிடும்.

பயிற்சிக்கு, கனமாக வெட்டுகிற ஒருவரைப் பிடிக்காமல் வேறு வழியில்லை. நான் தோற்ற அந்தப் பெரியவரிடமே போய்க் கேட்டேன். ஒரு ப்ளேன்டீக்குப் பக்கெட் நிறையப் பந்து வெட்டித் தருகிறார். ஞாயிறு காலையில் கேட்டால் சந்தோசமாக வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் கேட்காதீர்கள், அன்றைக்கு வீட்டில் மரக்கறிச் சாப்பாடு, ஆள் எரிச்சலில் இருப்பார்.