'அட்டானமஸ்': எங்கே எழுதலாம், எங்கே வேண்டாம்?

"ஐ ஆம் அட்டானமஸ்" என்று ரெஸ்யூமேயில் எழுதுகிறவர்கள் உண்டு. 'யாரும் விரட்டாமலே வேலையை முடிப்பேன்' என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. ஹெச்.ஆர். கண்ணுக்கு அது 'யார் பேச்சையும் கேட்கமாட்டேன்' என்றும் படலாம்.

வேர் என்ன?

இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஆட்டோஸ்' என்றால் தான். 'நோமோஸ்' என்றால் சட்டம். தனக்கான விதியைத் தானே வகுத்துக்கொள்வது என்று பொருள். விதியே இல்லாத நிலை அல்ல. தமிழில் 'தன்னாட்சி' என்கிறோமே, அதிலும் ஆட்சி இருக்கிறது.

உங்கள் சான்றிதழ் ஃபைலைத் திறந்து பார்த்தாலே இது விளங்கிவிடும். சென்னை லயோலா, கிறித்துவக் கல்லூரி போன்றவை 1978-ல் தன்னாட்சி பெற்றன. இத்தகைய கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும், தேர்வைத் தானே நடத்தும், மதிப்பெண் பட்டியலும் தரும். ஆனால் பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். உள்ளே முழு உரிமை, தலைக்கு மேல் ஒரு குடை: அதுதான் அட்டானமஸ். அந்தக் குடையும் இல்லாத நிறுவனம்தான் 'இன்டிபென்டன்ட்'.

எங்கே எழுதலாம்?

குழு, துறை, நிறுவனம், ஓட்டுநர் இல்லாத வாகனம் ஆகியவற்றுக்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். உங்களைப் பற்றிச் சொல்ல, "ஐ கேன் வொர்க் இன்டிபென்டன்ட்லி" போதும். அதையும் மொட்டையாக விடாதீர்கள். '5,000 ரூபாய் வரையிலான ரீஃபண்டை நானே முடிவு செய்தேன். அதற்கு மேல் மேனேஜரிடம் போகும்' என்று எழுதிப் பாருங்கள். உங்களை எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் வந்தால்?

மத்திய அரசு வேலை அறிவிப்புகளில் 'அட்டானமஸ் பாடி' என்று பார்த்திருப்பீர்கள். கேந்திரிய வித்யாலயா சங்கதன், சி.எஸ்.ஐ.ஆர். இரண்டும் அந்த வகை. அமைச்சகத்தின் கீழ் இயங்கினாலும் இவை அரசுத் துறைகள் அல்ல. தனிப் பணி விதிகள் உண்டு. அதனால் ஓய்வூதியம், விடுப்பு, இடமாற்றம் பற்றிய பகுதிகளைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தடுக்கும் இடங்கள்

அழுத்தம் 'டா'வில் விழ வேண்டும். 'ஆட்டோ' என்று நீட்ட வேண்டாம். 'அனானிமஸ்' என்றால் பெயர் தெரியாதவர். 'யுனானிமஸ்' என்றால் ஒருமனதாக. அவசரத்தில் மூன்றும் இடம் மாறும், ஸ்பெல்-செக்கும் கண்டுகொள்ளாது.

நேர்காணலில்

கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்பார்கள். "ஹவ் மச் அட்டானமி டஸ் திஸ் ரோல் ஹேவ்?" என்று கேளுங்கள். எந்த முடிவு உங்களுடையது, எதற்கு மேலே கையெழுத்து வேண்டும் என்று அவர்கள் பிரித்துச் சொன்னால், அந்த வேலையில் உண்மையிலேயே தன்னாட்சி இருக்கிறது. "ஃபுல் ஃப்ரீடம்!" என்று சிரித்து முடித்துவிட்டால், இன்னொரு கேள்வி கேளுங்கள்.