வடித்த அளவும் ஊற்றிய அளவும்

அன்புள்ள கயல்விழிக்கு,

காரில் கூலன்ட் மாற்றும்போது, வாய்வரை நிரம்பிவிட்டது என்று கண் சொல்வதை நம்பாதே. வடித்தது எத்தனை லிட்டர், ஊற்றியது எத்தனை லிட்டர் என்ற கணக்கை நம்பு. 5 லிட்டர் வடித்துவிட்டு, மூன்றரையிலேயே ரேடியேட்டர் தளும்பினால், மீதி இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. (கையேட்டிலுள்ள மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிடாதே, எஞ்சின் பிளாக்கில் பழைய கூலன்ட் கொஞ்சம் எப்போதும் தங்கிவிடும்.) குறுகிய வாய்க் குடத்தைத் தண்ணீரில் அமுக்கிப் பார். களக் களக் என்று காற்று வெளியேறினால்தான் தண்ணீர் உள்ளே போகும். எஞ்சினில் அந்தக் காற்றுக்கு வழி இன்னும் குறுகல், ஏனென்றால் 80 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கும். பல வண்டிகளில் அதன் விளிம்பில் ஊசித்துளை ஒன்றும், அதில் ஆடும் சின்ன ஆணியும் உண்டு. காற்று நழுவிப்போக வைத்த வழி அது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மாட்டினால் ஆணி மேல்பக்கம் வரவேண்டும். அந்தத் துளையின் வேகத்துக்குத்தான் நீயும் ஊற்றவேண்டும்.

‘எஞ்சின் ஓட ஓடக் காற்று தானே போய்விடுமே’ என்பார்கள். கூலன்ட் டேங்க் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வண்டிகளில் அது பெரும்பாலும் சரி. மற்றவற்றில் காற்று சிலிண்டர் ஹெட்டின் உச்சியிலோ ஹீட்டரிலோ தங்கிவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே குமிழி நிற்கும் இடத்தில் அலுமினியம் அளவுக்கு மீறிச் சூடேறி, ஹெட் வளைந்து, கேஸ்கெட் போகும். இதில் கொடுமை, வெப்பமானியின் சென்சாரும் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் முள் அமைதியாகவே நிற்கக்கூடும். முள்ளைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது என்பதால்தான் அளவுக் கணக்கை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டியின் முகப்பு மேடேறி நிற்கும்படி நிறுத்து. ஊற்றும் வாய் உச்சியில் இருக்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வை. ‘நம் ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு’ என்று கேட்கலாம். அது குளிருக்காக அல்ல. சில வண்டிகளில் ஹீட்டரை மூடினால் அந்தக் கிளைக்குள் கூலன்ட்டே போகாது. காற்று நீக்கும் திருகு இருந்தால், குமிழியில்லாத ஒழுக்கு வரும்வரை திறந்து வைத்து மூடு. பிறகு மூடியில்லாமலே எஞ்சினை மெல்ல ஓடவிடு. மேல் ஹோஸ் சட்டென்று சூடாவது கைக்குத் தெரியும், தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மட்டம் இறங்கும், ஊற்று. வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவி பட்டறையில் இருந்தால் இத்தனை பாடு வேண்டாம். இல்லாவிட்டால் பொறுமை போதும். ஹீட்டரில் வெந்நீர் ஆவிபோல் சூடான காற்று நிலையாக வந்தால் மூடியைப் போடு. சூட்டோடு அதை மறுபடி திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தம் நிற்கும். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியபின் திறந்து பார். மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியப்பா