முகம் பார்த்துச் சொல்லச் சொல்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பள்ளி. காதுக்கருவி தெரியக் கூடாதென்று முடியைக் காதுமேல் இறக்கி வாருகிறாய், கேட்காததற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறாய். முடி உன் இஷ்டம். எனக்குக் கவலை அந்தத் தலையாட்டல்தான்.

நானும் ஐந்து வயதிலிருந்து கருவி போடுகிறவள். கண்ணாடி போட்டால் கண் தெரிவதுபோல மெஷின் மாட்டினால் காது கேட்டுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டீச்சர் குரலோடு ஃபேன் இரைச்சலும் பெஞ்சு இழுக்கிற சத்தமும் சேர்ந்தே ஏறுவது நமக்குத்தானே தெரியும்! மீதியை உதட்டைப் பார்த்துப் பிடிக்கிறோம். உதட்டிலோ 'படம்', 'மடம்' இரண்டும் ஒன்றுதான். ககரம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். டீச்சர் போர்டு பக்கம் திரும்பினால் அதுவும் போச்சு. பாதி வாக்கியத்தை ஊகித்து, அடுத்தது வருவதற்குள் சரிபார்த்து, மறுபடி ஊகித்து... சாயங்காலம் தலை கனக்கிறது, சோம்பேறி என்று திட்டு வாங்குகிறேன் என்றாயே. அது உழைத்த அசதி, கண்ணு.

நாம் எல்லாரையும் போல இல்லை. கேட்பதற்கு நமக்குக் கண்ணும் வேண்டும். காது கேட்காததை மறைத்தால் எதிரே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? "எனக்குக் காது சரியாக் கேக்காது, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லு. முதல் தடவை தொண்டை அடைக்கும். சிலர் காதருகே வந்து கத்துவார்கள்; கத்தினால் உதடு கோணிக்கொண்டு இன்னும் புரியாது, அதையும் சொல்லு. 'பாவம்' என்பவர்களுக்குப் பதிலே வேண்டாம்.

மதுரை ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் 3 தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். பதக்கம் வாங்கினால்தான் மதிப்பு என்று சொல்ல வரவில்லை. அப்படிக் கேட்காதவர்கள் கூடுகிற இடத்தில் கையால் பேசுவதே இயல்பு. அந்த இடம் உனக்கும் உண்டு. சைகை மொழி கற்றுக்கொள். பேச்சு போய்விடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். எனக்குப் போகவில்லை.

உன் கருவி விசிலடிப்பது, வளர்கிற வயதில் காது பெரிதாகி, காதுக்குள் வைக்கிற மோல்டு தளர்ந்துவிடுவதால் இருக்கலாம். புதிதாக அச்செடுக்கச் சொல். திங்கட்கிழமை முன் பெஞ்சில், டீச்சர் முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கமாக இடம் கேட்டு உட்கார். கேட்டாயா, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா