ஹெட் கேஸ்கெட்டும் டைமிங் பெல்ட்டும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்துப் பதினைந்து வயதான காரில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டால், பட்டறைச் செலவு காரின் விலையிலேயே பெரும் பங்கை விழுங்கிவிடும். அதனால்தான் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் பலர் வீட்டு வாசலிலேயே ஹெட்டைக் கழற்றத் துணிகிறார்கள். துணிச்சலை நான் வரவேற்கிறேன். ஆனால் இந்த வேலை அளந்து செய்பவருக்கே கைகூடும். செவிவழியாக வந்த சில நம்பிக்கைகள் அந்த அளவெடுப்பையே தேவையில்லை என்று ஒதுக்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் படிந்திருந்தால் கேஸ்கெட் போய்விட்டது.

உண்மை: தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில், என்ஜின் முழுச் சூடு ஏறாததால் உள்ளே நீராவி படிந்தும் இப்படி ஆகும். மறுபக்கம், ஆயில் சுத்தமாக இருந்தாலும் கேஸ்கெட் போயிருக்கலாம். எரியும் வாயு, கூலன்ட், ஆயில் ஆகிய மூன்றையும் தனித்தனியே அடைத்து வைப்பது அதன் வேலை. எந்த இரண்டுக்கு இடையே உடைந்தது என்பதைப் பொறுத்து அறிகுறியும் மாறும். வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைவது, குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களில் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகுவது, என்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவது ஆகியவை வலுவான அறிகுறிகள். இவற்றோடும் நின்றுவிடாதீர்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவத்தைக் கொண்டு ஒரு சோதனை உண்டு. கம்ப்ரெஷன் சோதனையும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்த பிறகே ஹெட்டில் கை வையுங்கள்.

நம்பிக்கை: லீக் அடைக்கும் பவுடரையோ மஞ்சள் தூளையோ ரேடியேட்டரில் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: ரேடியேட்டரில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். சிலிண்டருக்குள் எரியும்போது எழுவது அதைப்போல் பல பத்து மடங்கு. ரேடியேட்டரின் ஊசித்துளையைச் சில நாள் அடைக்கும் பொருள், அந்த அழுத்தத்தின் முன் நிற்காது. போட்ட பவுடர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து, என்ஜினை மேலும் சூடாக்கும்.

நம்பிக்கை: நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிப் போட்டுவிடலாம்.

உண்மை: சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். மற்ற என்ஜின்கள் சரியான சூட்டுக்கு வராமல் ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும்.

பெரும்பாலான கேஸ்கெட்டுகள் தாமாகக் கெடுவதில்லை. என்ஜின் ஓவர்ஹீட் ஆனதால்தான் கெடுகின்றன. அலுமினிய ஹெட், இரும்பு பிளாக்கைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும். இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது கேஸ்கெட். ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா, ரிலே போயிற்றா, வாட்டர் பம்ப் தேய்ந்ததா, கூலன்டுக்குப் பதில் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றித் துருப்பிடித்ததா? காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாட்டும் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில் போகும்.

நம்பிக்கை: புதுக் கேஸ்கெட்டில் கொஞ்சம் பேஸ்ட் தடவி வைத்தால் போதும்.

உண்மை: முதலில் ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேர்க்கோட்டு எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். பல என்ஜின்களில் அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ. மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பிளாக்கின் மேற்பரப்பையும் இப்படியே பாருங்கள். ஹெட் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் போட வேண்டும். சில டீசல் ஹெட்டுகளில் அதற்கும் அனுமதியில்லை, மாற்றத்தான் வேண்டும். எமரி வட்டை கிரைண்டரில் மாட்டித் தேய்க்கவே கூடாது. அலுமினியத்தில் பள்ளம் விழும், உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். கம்பெனி கையேடு குறிப்பாகச் சொன்ன இடங்களைத் தவிர வேறெங்கும் பேஸ்ட் வேண்டாம். கேஸ்கெட் உலர்ந்தபடியே உட்கார வேண்டும். டீசல் என்ஜினில் கேஸ்கெட்டின் தடிமனும் முக்கியம். விளிம்பில் உள்ள வெட்டுகளையோ துளைகளையோ எண்ணி, அதே தடிமனில் வாங்குங்கள்.

நம்பிக்கை: ஹெட் போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மை: டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படிப்படியாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, கையேட்டின் வரிசைப்படி, பல சுற்றுகளாக இறுக்குங்கள். பல என்ஜின்களில் கடைசிச் சுற்றை 90 பாகை என்பதுபோல் கோணத்தில் கொடுத்திருப்பார்கள். அந்தப் போல்ட்டுகள் பெரும்பாலும் இறுகும்போதே நீண்டுவிடும் வகை. பழையதை மீண்டும் போட்டால் பிடிப்பு குறையும், அல்லது போல்ட் முறியும். போல்ட் துளைக்குள் கூலன்டோ ஆயிலோ தேங்கியிருந்தால் ஒற்றியெடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அடைபட்ட திரவம் அழுந்தி பிளாக்கையே பிளந்துவிடும்.

நம்பிக்கை: டைமிங் பெல்ட் அறுவதற்கு முன் சத்தம் கொடுக்கும்.

உண்மை: காலையில் கீச்சிடுவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பெல்ட். ஹெட்டுக்காகக் கழற்ற வேண்டியதும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை ஓட்டுவதுமான டைமிங் பெல்ட் சொல்லாமலே அறும். என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன்கள் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வுகளில் அவை மோதும் அமைப்புள்ள என்ஜின்களில் வால்வு வளையும். டீசல் கார்களில் இது ஏறக்குறைய நிச்சயம். 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் பெல்ட்டுக்கென்றே டாஷ்போர்டில் ஒரு விளக்கு உண்டு. அதுகூடக் கிலோமீட்டரைத்தான் கணக்கிடும், பெல்ட்டின் நிலையைப் பார்க்காது. ரப்பருக்கு வயதும் ஆகும். ஆகவே கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்றுங்கள். எல்லாக் கார்களிலும் பெல்ட் இருக்காது. 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டில் இருப்பது செயின்.

நம்பிக்கை: ஹெட் வேலைக்காகக் கழற்றிய பெல்ட் நன்றாக இருந்தால் அதையே மாட்டலாம்.

உண்மை: பெல்ட்டைக் கழற்றாமல் ஹெட் வராது. கழற்றிய பிறகு புதுப் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் போடுவதே சரி. பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப்பாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பிறகு பம்ப் ஒழுகினால் பாதி வேலையை மறுபடியும் செய்ய வேண்டும். பெல்ட்டை மடிக்காதீர்கள், ஆயில் பட விடாதீர்கள். புல்லிகளில் உள்ள டைமிங் குறிகளைப் பொருத்தி மாட்டியதும், சாவி போடும் முன் ஸ்பேனரால் கிராங்க்ஷாஃப்ட்டை அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். கேம்ஷாஃப்ட்டின் ஒரு சுற்று அது. எங்காவது முட்டினால் அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள். குறிகள் மீண்டும் சரியாக வந்து நின்றால்தான் அடுத்த வேலை.

அப்படியானால் யார் வீட்டில் செய்யலாம்? தன் காருக்குரிய கையேடும் டார்க் ரெஞ்சும் ஃபீலர் கேஜும் வைத்திருப்பவர், அடுத்த நாள் கார் தேவைப்படாதவர், வளைந்த ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோகத் தயங்காதவர் செய்யலாம். என்ஜின் மவுண்ட்டைக் கழற்றும் முன் என்ஜினுக்குக் கீழே உறுதியான முட்டுக் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும் நஞ்சு, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். இவற்றில் எதையாவது செய்ய முடியாதென்று தோன்றினால், இந்தக் கேள்விகளோடு பட்டறைக்குப் போங்கள்: ஹெட்டை அளந்தீர்களா, போல்ட் புதியதா, என்ஜின் ஏன் சூடானது? வேலை வாசலில் நடந்தாலும் பட்டறையில் நடந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே கேஸ்கெட்டை மாட்ட வேண்டும்.